முன்சக்கரத்து மோட்டார்

பெத்தன் சைக்கிளை மிதித்து வரவில்லை, உருட்டிக்கொண்டு வந்தார். கழனிவாசலிலிருந்து முஜிபுர் ரகுமானின் பட்டறைக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது. வழியில் இரண்டு பேர் கத்திரிக்கோலை நீட்டினார்கள். நாளைக்கு என்று சொல்லிவிட்டு நடந்தார். எந்த நாளைக்கு என்று அவருக்கே தெரியவில்லை.

அது சாணை பிடிக்கிற சைக்கிள். பாரின் மேல் இரும்புச் சட்டத்தில் கல் இருந்தது. பின்சக்கரத்தின் இடப்பக்கம் கூடுதலாக ஒரு ரிம், அதிலிருந்து கல்லுக்கு ஒரு பெல்ட். ஸ்டாண்டு போட்டு, பெல்ட்டை மாட்டி, சீட்டில் உட்கார்ந்து மிதித்தால் பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும், கல்லும் சுற்றும். இரண்டு கையும் கத்தியைப் பிடிக்கக் காலியாக இருக்கும். கல்லுக்கு மேலே ஒரு தகர டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டும். இருபத்தாறு வருடமாக பெத்தனுக்கு இதுதான் தொழில்.

போன மாதம் வலது முட்டி வீங்கியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் நிறையச் சொன்னார். பெத்தனுக்கு ஒன்றுதான் காதில் நின்றது. இனிமேல் சைக்கிள் மிதிக்கக் கூடாது. வெளியே வரும்போது ஒரு பெண் ஒரு தாளைக் கொடுத்தாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வீட்டுக்கு வந்து அதைத் தொழில் பெட்டியில் போட்டார். மனைவி மலையம்மாள் கேட்டபோது, "மிதிக்கக் கூடாதுன்னுட்டாக" என்றார். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை.

மருமகன் முத்தரசு நேற்று வந்தான். நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டுக்கு வாட்ச்மேன் வேண்டுமாம். வீட்டுக்காரர்கள் மலேசியாவில். அங்கேயே தங்கிக்கொள்ள வேண்டும்.

"திருடன் வந்தா ஓடணுமே மாப்ள" என்றார் பெத்தன். "இந்த முட்டிய வச்சுக்கிட்டு?"

"கேமரா இருக்கு மாமா. நீங்க ஓடவும் வேணாம், புடிக்கவும் வேணாம். சும்மா இருந்தாப் போதும்."

அந்தச் சும்மாவைத்தான் பெத்தனால் முழுங்க முடியவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னார். இன்று ஞாயிறு.

முஜிபுர் குவைத்தில் பதினொரு வருடம் ஸ்கூட்டர் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். சைக்கிளுக்கு பேட்டரி மோட்டார் மாட்டிக் கொடுக்கிறான் என்று கேள்விப்பட்டுத்தான் பெத்தன் வந்திருந்தார். அவன் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பெல்ட்டைத் தொட்டான். கல்லை விரலால் சுற்றிவிட்டான். அது வெகு நேரம் சுற்றியது.

"நல்லா வச்சிருக்கீகண்ணே."

"முட்டியத்தேன் நல்லா வச்சுக்கத் தெரியல, தம்பி."

முஜிபுர் சிரித்தான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தான்.

"மோட்டார் எல்லாம் ஒண்ணுதேன். அது சக்கரத்த எப்புடிச் சுத்துதுங்கிறதுலதேன் விசயம் இருக்கு. நாலு வழி இருக்கு. ஒண்ணு, உருளை. மோட்டார் நுனியில ஒரு உருளை இருக்கும், டயரை ஒரசிக்கிட்டே தள்ளும். மாட்டுறது சுலுவு. ஆனா மழையில வழுக்கும், செம்மண்ணுல வழுக்கும், டயரும் தேஞ்சு போகும்."

"நம்ம ஊருல செம்மண்ணு இல்லாத இடம் எது?"

"அதேன். ரெண்டாவது, பின்சக்கரத்துக்கு நடுவுலயே மோட்டார். சக்கரத்தையே மாத்தணும். அப்ப ஒங்க இந்த ரிம்மு போயிரும்."

"ரிம்மு போனா நான் போயிருவேன். அடுத்தது?"

"முன்சக்கரத்துக்கு நடுவுல மோட்டார். அது முன்னால இழுத்துக்கிட்டுப் போகும். பின்னால ஒண்ணையும் தொடாது." முஜிபுர் சொல்லிக்கொண்டே தலையை ஆட்டினான். "ஆனா அது ஒங்களுக்கு ஆகாது. முன்சக்கரம் சுத்துனா கல்லு எப்புடிச் சுத்தும்? கல்லுக்கு நீங்க மிதிக்கணுமே."

"மிதிக்கக் கூடாதே" என்றார் பெத்தன்.

"அப்ப நாலாவதுதேன். மோட்டார பின்னால சீட்டுக்குக் கீழ வச்சு, செயின் போட்டு பின்சக்கரத்தச் சுத்துறது. ரோட்டுல போகும்போது வண்டி ஓடும். ஸ்டாண்டு போட்டா கல்லு ஓடும். ஒரே மோட்டாரு, ரெண்டு வேலை. ஒங்க காலுக்கு ரெஸ்ட்டு."

பெத்தனுக்கு அது பிடித்துப்போனது. முஜிபுருக்கும் பிடித்துப்போனது. தனக்குத் தோன்றியதைத் தானே மெச்சிக்கொள்ளும் முகத்துடன் அவன் சுவரிலிருந்து ஸ்பேனரை எடுத்தான்.

"லைசென்ஸு?"

"இந்தச் சின்ன மோட்டாருக்கு வேணாம். ஒங்களுக்கு இருக்கிற அவசரத்துக்கு இது ஓடுற வேகம் போதும்."

"எனக்கு என்ன அவசரம்?" என்றார் பெத்தன். பிறகு, "அடுத்த வாரம் பெருநாளு" என்றார்.

அவசரம் அதுதான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம்தான் பெத்தனுக்கு வருடத்திலேயே கனத்த வாரம். ஆடு அறுத்துக் குர்பானி கொடுக்கிற வீடுகளில் எல்லாம் கத்தியைத் தேடி எடுப்பார்கள். கறிக்கடை அப்துல் சுபஹான் பாயின் தெருவில் மட்டும் நாற்பது கத்திக்குக் குறையாது. அந்த நாற்பதையும் இந்த வருடம் தொட முடிந்தால் மற்ற நாட்களையும் தொட முடியும் என்று பெத்தன் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். முடியாவிட்டால் நெற்குப்பை.

புதன்கிழமை வண்டி தயார் என்று போன் வந்தது. மலையம்மாளும் கூட வந்தாள். சுபஹான் பாயும் வந்திருந்தார். மோட்டாரைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். கையில் துணியில் சுற்றிய ஒரு கத்தி இருந்தது.

"தெருவுல எல்லாரும் கேக்குறாக, பெத்தண்ணே. சாணைக்காரர் வருவாகளா, இல்ல கத்தியெல்லாம் மதுரைக்கு அனுப்பிருவமான்னு. நான் இருங்கப்பா, பாத்துட்டு வர்றேன்னு வந்திருக்கேன்."

"நல்ல நேரத்துக்கு வந்தீக, பாய்" என்றார் பெத்தன்.

முதலில் ரோடு. பெத்தன் சீட்டில் ஏறி, ஹேண்டில் பாரில் இருந்த பிடியைத் திருகினார். சைக்கிள் அவரைக் கேட்காமலே கிளம்பியது. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். இரண்டு காலும் பெடலில் சும்மா இருந்தன.

"எப்புடிண்ணே?"

"காலு எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு" என்றார் பெத்தன். ஆனால் முகம் மலர்ந்திருந்தது. மலையம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தன் பங்குக்கு மூச்சு விட்டாள்.

அடுத்தது கல். ஸ்டாண்டு போட்டார்கள். பெத்தன் தண்ணீர் டப்பாவைத் திறந்துவிட்டார். சுபஹான் பாய் துணியைப் பிரித்துக் கத்தியைப் பெட்டி மேல் வைத்தார். பெத்தன் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. பாய்க்கு அது தெரியும். ஒரு முழ நீளக் கத்தி, பெருநாளுக்கு மட்டும் வெளியே வருவது.

அப்போதுதான் ஒரு சின்னச் சிக்கல் தெரிந்தது. கத்தியைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். மோட்டார் பிடியைத் திருக யாருடைய கை?

"அது ஒண்ணுமில்ல" என்றான் முஜிபுர். பிடியைக் கொஞ்சம் திருகி, ட்யூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினான்.

கல் சுற்றியது. பெத்தன் கத்தியை வைத்தார். ஒரு தரம் இழுத்தார். பொறி பறந்தது. இரண்டாவது தரம் இழுப்பதற்குள் சொட்டிய தண்ணீரையெல்லாம் கல் வீசியடித்து முஜிபுரின் சட்டையை நனைத்திருந்தது. கல் காய்ந்துபோய்க் கீச்சிட்டது. பெத்தன் கத்தியை விலக்கினார்.

"நிப்பாட்டு. நிப்பாட்டு தம்பி."

முஜிபுர் ரப்பரை அவிழ்க்கத் தடுமாறி, கடைசியில் மோட்டார் சாவியைப் பிடுங்கினான்.

கத்தியின் நுனிப்பக்கம் விரல் நீளத்துக்கு நீலமாக இருந்தது. சூடேறி நீலம் பாய்ந்த எஃகில் கூர் நிற்காது. வெட்ட வெட்ட மடங்கும். இருபத்தாறு வருடத்தில் பெத்தன் கையால் ஒரு கத்திகூட நீலமானதில்லை.

சுபஹான் பாய் குனிந்து பார்த்தார். "என்ன பெத்தண்ணே, வேட்டிக்குப் போடுற நீலத்தப் போட்டுட்டீகளா?"

பெத்தன் சிரிக்கவில்லை. பாயும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"ஆடு துடிக்கப்படாதுண்ணே" என்றார் மெதுவாக. "கத்தி மொக்கையா இருந்தா அந்தப் பாவம் எனக்கு. அதுக்குத்தேன் ஒங்கள விட்டா வேற ஆளுகிட்ட இதக் குடுக்கிறதில்ல."

"வேகத்தக் கொறைப்போம்" என்றான் முஜிபுர் அவசரமாக. "கல்லுப் பக்கம் பெரிய புல்லி ஒண்ணு மாட்டி பெல்ட்ட அதுல போடுவோம். கல்லு மெதுவா ஓடும்."

"எந்த மெதுவு?" என்றார் பெத்தன். "அருவாளுக்கு ஒரு வேகம், கத்திரிக்கு ஒரு வேகம். ஒரே கத்தியிலயே அடிக்கு ஒண்ணு, நுனிக்கு ஒண்ணு. கடேசி இழுப்புக்குக் கல்லு நிக்காம நிக்கணும். அத எந்தப் புல்லியில வப்ப?"

முஜிபுர் நனைந்த சட்டையைப் பிழிந்தான்.

பெத்தன் நெற்குப்பையை நினைத்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தார். பிறகு கத்தியைப் பார்த்தார். அந்த நீலத்தோடு அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. சீட்டில் சரியாக உட்கார்ந்தார். டப்பாவில் தண்ணீரை நிரப்பினார். மோட்டார் அணைந்திருந்தது. மிதித்தார்.

"ஏங்க, காலு!" என்றாள் மலையம்மாள்.

அவர் காதில் வாங்கவில்லை. கல் அவருக்குத் தெரிந்த வேகத்தில் சுற்றியது. தண்ணீர் கல்லில் நின்றது. நீலத்தை மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து எடுத்தார். கால் ஒரு நேரம் விரைந்தது, ஒரு நேரம் தயங்கியது. கை சொல்வதைக் கால் கேட்டது. நீலம் ஒரு நூல் அகலத்துக்குக் குறைந்து, பிறகு இல்லாமல் போனது. கத்தி நுனிப்பக்கம் கொஞ்சம் ஒல்லியாகியிருந்தது. கடைசி இழுப்புக்குக் கல் நின்றும் நிற்காமல் சுற்றியது.

மிதிப்பதை நிறுத்தியபோது கால் மணி நேரம் ஆகியிருந்தது. முட்டியைத் தடவிப் பார்த்தார். வலிக்க வேண்டும் என்று காத்திருந்தார். வலிக்கவில்லை.

"வலிக்குதா?" என்றாள் மலையம்மாள்.

"இனிமே வலிக்கும்போல" என்றார்.

கூர் பார்க்க வேண்டும். எப்போதும் காகிதத்தைத் தொங்கவிட்டு மேலிருந்து கீழே அறுத்துப் பார்ப்பார். பெட்டியில் கையை விட்டார். கிடைத்த தாளை எடுத்து, பார்க்காமலே தலைகீழாக நுனியில் பிடித்தார். கத்தியை வைத்தார். சத்தமே இல்லாமல் பாதி வரை இறங்கியது.

"நில்லுங்கண்ணே!" என்று கத்தினான் முஜிபுர்.

பெத்தன் பயந்துபோய் நிறுத்தினார். முஜிபுர் தாளை அவர் கையிலிருந்து வாங்கி, அறுபட்ட இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தான். அதில் கட்டம் கட்டமாகப் படங்கள். ஒரு ஆள் படுத்துக் காலைத் தூக்கினான். ஒரு ஆள் சுவரில் சாய்ந்து நின்றான். கத்தி கடைசிப் படத்தை நடுவில் பிளந்திருந்தது. அதில் ஒரு ஆள் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான்.

"இது என்ன தாளு?"

"ஆஸ்பத்திரியில குடுத்தது."

"படிச்சீகளா?"

"என்னத்தப் படிக்கிறது? செய்யக் கூடாததெல்லாம் எழுதியிருக்கும். அதத்தேன் டாக்டரே வாயால சொன்னாரே."

முஜிபுர் படித்தான். "முட்டி வலுப்பெறச் செய்ய வேண்டிய பயிற்சிகள். செய்ய வேண்டியதுண்ணே, செய்யக் கூடாததில்ல. அஞ்சாவது. நிலையான சைக்கிளைப் பாரமில்லாமல் மிதித்தல். தினம் இருபது நிமிடம்."

"நிலையான சைக்கிளுன்னா?"

"ஸ்டாண்டு போட்ட சைக்கிளு."

மலையம்மாள் எழுந்து வந்தாள். தாளை வாங்கி, படத்தில் இருந்த ஆளை வெகு நேரம் பார்த்தாள். அந்தச் சைக்கிளுக்குச் சக்கரமே இல்லை. "ஒரு மாசமா இத அந்தப் பொட்டியில பூட்டி வச்சிருக்கீக" என்றாள். "ஒரு மாசமா முட்டிக்கு நான் எண்ணெய் காய்ச்சித் தேய்க்கிறேன்."

"சைக்கிளு படத்தப் பாத்தேன். கேலி பண்றாகளாக்கும்னு நெனச்சேன்" என்றார் பெத்தன்.

சுபஹான் பாய் தாடியைத் தடவிக்கொண்டே திரும்பி நின்றார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

தாளின் அடியில் ஒரு நம்பர் இருந்தது. முஜிபுர் போட்டான். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் எடுத்தாள். அவன் விசயத்தைச் சொல்லி போனை பெத்தனிடம் கொடுத்தான்.

"ஸ்டாண்டு போட்டு மிதிக்கும்போது எவ்வளவு அமுத்தணும் ஐயா?" என்று கேட்டாள் அவள்.

"வெரலால சுத்துனாலே சுத்தும்மா. கத்தியக் கல்லுல மெல்லத்தேன் வப்பேன்."

"அப்ப தாராளமா மிதிங்க. நல்லதுதான். ஒரே மூச்சா மிதிக்காதீங்க. இருபது நிமிசம் மிதிச்சா கொஞ்சம் எந்திரிச்சு நடங்க. வலிச்சா நிறுத்தணும். ரோட்டுல பாரத்தோட மிதிக்கிறது, ஏத்தம் ஏறுறது, அது மட்டும் வேணவே வேணாம். டாக்டர் அதத்தான் சொல்லியிருப்பாங்க."

பெத்தன் யோசித்தார். டாக்டர் அதைத்தான் சொல்லியிருந்தார். பாரம், ஏற்றம், ரோடு எல்லாம் சொன்னார். கூடாது என்ற சொல் வந்ததும் மற்றதெல்லாம் விழுந்துவிட்டிருந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்தார். முஜிபுர் சைக்கிளின் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிவிட்டான். அது சுற்றியது. கல் சும்மா இருந்தது. பின்சக்கரம் சும்மா இருந்தது.

"ரோட்டுக்கு மோட்டாரு. கல்லுக்குக் காலு" என்றான் தனக்குத்தானே. பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "அன்னைக்கே சொன்னேண்ணே. முன்சக்கர மோட்டார் பின்னால ஒண்ணையும் தொடாதுன்னு நான்தேன் சொன்னேன். சொல்லிட்டு நானே ஆகாதுன்னுட்டேன்."

"நீ என்ன செய்வ? மிதிக்கக் கூடாதுன்னு சொன்னது நான்தேன்."

"ரெண்டு பேரும் நாளைக்குச் சண்ட போட்டுக்கங்க" என்றார் சுபஹான் பாய். "வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சு தெருவுக்கு வந்துருவீகளா? அதச் சொல்லுங்க. மதுரைக்கு வண்டி பேசவா வேணாமா?"

பெத்தன் முஜிபுரைப் பார்த்தார்.

"சக்கரம் கடையிலயே இருக்கு" என்றான் முஜிபுர். "அரை நாள் வேலை. இந்தச் செயின், பல்சக்கரம் எல்லாத்தையும் கழட்டணும். அது இன்னொரு அரை நாள்."

"வேணாம் பாய்" என்றார் பெத்தன். "மதுரைக்கு ஒண்ணும் பேச வேணாம்."

கத்தியைத் துடைத்துப் பெட்டி மேல் வைத்தார். பாய் எடுத்து, முன்கை மயிரில் ஒரு முறை வழித்துப் பார்த்தார். வழித்த இடம் மழமழவென்று இருந்தது. துணியில் சுற்றினார்.

வெள்ளிக்கிழமை மலையம்மாள் பின் காரியரில் ஏறிக்கொண்டாள். "ஏத்தத்துல எறங்கிக்கிறேன்" என்றாள். கண்மாய்க்கரை ஏற்றம் வந்தது. போன மாதம் பெத்தன் அங்கே இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இப்போது பிடியைத் திருகினார். முன்சக்கரம் ஒரு முனகலோடு இழுத்தது. மலையம்மாள் இறங்க நேரமில்லை. கரையில் எருமை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒதுங்கி நின்று பார்த்தார். மேட்டில் ஏறியதும் பெத்தன் வண்டியை நிறுத்தினார்.

"என்ன?" என்றாள் மலையம்மாள்.

"ஒண்ணுமில்ல. ஏறிட்டோம்" என்றார்.

பாயின் தெருவில் கத்திகள் காத்திருந்தன. சில துணியில் சுற்றியிருந்தன. சில தினத்தாளில். ஒரு வீட்டில் அருவாமனையையும் கொண்டுவந்து வைத்தார்கள். பெத்தன் வேப்பமரத்து நிழலில் ஸ்டாண்டு போட்டார். தண்ணீர் டப்பாவைத் திறந்தார். மிதித்தார். கல் சுற்றியது, தண்ணீர் கல்லில் நின்றது, கத்தி பேசியது. மலையம்மாள் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து, கைப்பேசியில் இருபது நிமிடம் வைத்தாள்.

பதினோராவது கத்தியில் இருந்தபோது பெத்தனின் போன் அடித்தது. முத்தரசு.

"மாமா, வெள்ளிக்கிழமை. நெற்குப்பைக்காரக கேக்குறாக."

"வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க மாப்ள."

"அப்ப முட்டி?"

"முட்டிக்குத்தேன் இப்ப வேலை பாக்குறேன்."

"என்னது?"

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன். தாளு இருக்கு. கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, ஒட்டி வச்சிருக்கா ஒங்க அத்தை."

போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கத்தியைக் கல்லில் வைத்தார். கடைசி இழுப்பு. கல் நிற்காமல் நின்றுகொண்டிருந்தது. அப்போது மலையம்மாளின் கைப்பேசி இரண்டாவது முறையாகக் கூவத் தொடங்கியது.

"எறங்குங்க" என்றாள் அவள்.

"ஒரு இழுப்பு."

"இருபது நிமிசம். எறங்குங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சுபஹான் பாய் உள்ளே பார்த்து டீ கொண்டுவரச் சொன்னார். பெத்தன் கத்தியைப் பெட்டி மேல் வைத்துவிட்டு இறங்கினார். தெருவின் அந்தக் கோடி வரை நடந்தார். திரும்பி நடந்தார். முட்டி எந்தப் புகாரும் சொல்லவில்லை. இன்னும் ஒரு இழுப்பும் இருபத்தொன்பது கத்தியும் இருந்தன.